தண்ணி வந்திட்டு, மகள்

மையித்துக் குளிப்பாட்ட வந்தவர்களில் யாரோ ஒருவர்தான் கேஸ் சிலிண்டரை மூடியிருக்க வேண்டும். யார் என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்தால் என் வாய் சும்மா இருக்காது. கணவன் போனபின் அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் இத்தாவில் இருக்கிறவளுக்கு அது அழகும் இல்லை. வீட்டின் பின்பக்கம் சிலிண்டர் நின்ற இடத்துக்குப் பக்கத்தில்தான் படங்கு கட்டி மறைத்து என் கணவரைக் குளிப்பாட்டினார்கள். சாம்பிராணிச் சட்டியில் தணல் இருந்தது. கேஸுக்குப் பக்கத்தில் நெருப்பு கூடாது என்று ஒரு மனிதர் நல்ல புத்தியோடு மூடியிருப்பார். அவர் மேல் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் உள்ளே, குளியலறைச் சுவரில் இருந்த ஹீட்டருக்குள் எந்நேரமும் எரிந்துகொண்டிருந்த சின்ன நெருப்பு அதோடு அணைந்துபோனது. அதை ஏற்றி வைத்தவர் என் கணவர். அதற்குப் பிறகு நான் எத்தனை தரம் ஏற்றியும் அது நிற்கவில்லை.

நிந்தவூரில், கடலுக்கு இவ்வளவு கிட்ட, இந்த வெயிலில் வெந்நீர் ஹீட்டரா என்று சிரித்தவர்கள் ஒவ்வொருவரையும் எனக்குத் தெரியும். அவர்களுக்குச் சிரிப்பு. எங்களுக்குப் பிள்ளை. மகளுக்கு இருபது வயது கடந்துவிட்டது. பிறந்த நேரம் மூச்சு வரச் சுணங்கியதால் கை கால்களில் விறைப்பு. வாப்பா, உம்மா, தா, வேணாம் என்று சில சொற்கள்தான் வரும், அதுவும் ஒவ்வொன்றாக. தினமும் வெந்நீர் ஊற்றினால் நரம்பு இளகும், நடப்பாள் என்று டாக்டர் சொன்னார். கட்டாரில் கட்டடப் பராமரிப்பு வேலையில் இருந்த என் கணவர், அதைக் கேட்ட அடுத்த வருகையில் இந்தக் கேஸ் ஹீட்டரைப் போர்வைகளுக்குள் சுற்றிக் கொண்டுவந்தார். கரண்டில் ஓடுவதை வாங்கினால் கரண்ட் போகும் நாளில் பிள்ளையின் குளிப்பும் போய்விடும் என்பது அவருடைய கதை. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குச் சீதனமாக வருவது. இந்த வீடும் என்னுடையதுதான். ஆனால் அந்தச் சுவரும் அந்த ஹீட்டரும் அவருடையவை. என்னைக் கிட்ட வரவிட மாட்டார்.

கட்டாரை விட்டு ஊரோடு வந்ததிலிருந்து காலையில் அவர்தான் குழாயைத் திறப்பார். உள்ளே ‘பும்’ என்ற சத்தத்தோடு பெரிய நெருப்புப் பற்றும். உடனே வெளியே வந்து, கதவுக்குப் பின்னால் ஒதுங்கி நின்று, “தண்ணி வந்திட்டு, மகள். வாங்க” என்பார். அதன் பிறகுதான் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு வருவாள். குளிப்பாட்டுவது நான். தலை தேய்ப்பதும், மடங்கிய விரல்களை விரித்து இடுக்குகளைக் கழுவுவதும் நான். ஆனால் கூப்பிடுவது அவர். நான் கூப்பிட்டால் அவள் காதில் விழாது.

“பெத்தது நான், பாடுபடுறது நான், மரியாத மட்டும் கதவுல நிக்கிறவருக்கு” என்று எரிந்து விழுவேன்.

“வாசல் காக்கிறவனுக்கும் சம்பளம் இரிக்கித்தானே” என்பார்.

ஜனாஸா எடுத்த நேரம் முன் மண்டபம் முழுக்க ஆண்கள். வாப்பாவைக் கிடத்திய சந்தூக்கைத் தூக்கிக்கொண்டு அவர்கள் படியிறங்கியதை அவள் அறை வாசலில் நின்று பார்த்தாள். என் முந்தானையை இழுத்து, “வாப்பா?” என்றாள். “பள்ளிக்குப் போறார் மகள்” என்றேன். அது பொய் இல்லை. தொழுகை பள்ளியில்தான், அடக்குகிற மையவாடியும் பள்ளிக்குப் பின்னால்தான். ஆனால் பள்ளிக்குப் போன வாப்பா திரும்பி வருவார் என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு தொழுகை முடிந்ததும் கேற் திறக்கும் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டு இருந்தாள். நானும் அதே சொல்லையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். மவுத்து, சாவு என்று சொல்ல எனக்கு நெஞ்சு வரவில்லை.

அவள் குளிக்கவும் இல்லை. முதல் நாட்களில் துக்க வீட்டு அமளியில் யாருக்கும் அது கவனமில்லை. பிறகு நான் அடுப்பில் தண்ணீர் காய்ச்சி, வாளியில் கலந்து வைத்துவிட்டுக் கூப்பிட்டேன். வாசல்வரை வந்தாள். ஹீட்டரை நிமிர்ந்து பார்த்தாள். சத்தம் இல்லை. திரும்பிப் போய்விட்டாள். இப்படியே கொஞ்ச நாள். பொறுமை கெட்டு ஒரு நாள் நானும் பக்கத்து வளவில் இருக்கும் என் தங்கச்சியும் ஆளுக்கொரு கையைப் பிடித்து அவளை உள்ளே கொண்டுபோனோம். உதறினாள். வழுக்கி விழுந்து நாடி வெடித்தது. இரத்தத்தைக் கண்டதும் முந்தானையை வைத்து அமத்தினேன். அதோடு அந்த வேலையை விட்டோம்.

தூங்கும்போது ஈரத்துணியால் துடைத்துவிடுவேன். அது எதற்குக் காணும்? தலைமுடி சடை பிடித்தது. அக்குளிலும் முழங்காலுக்குப் பின்னாலும் தோல் உரிந்து புண் வந்தது. அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அவளுடைய கால்கள் இறுகிக்கொண்டு வந்தன. சுவரைப் பிடித்து நடந்தவள், அந்த நாட்களில் மூலைக்கு மூலை நின்று மூச்செடுத்துத்தான் நகர்ந்தாள். ஒருக்கால் முழுதாக இறுகிவிட்டால் மறுகா நடக்க வைப்பது கஷ்டம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். என் பிள்ளை என் கண் முன்னாலேயே படுக்கையில் விழப் போகிறாள்.

ஹீட்டரை ஏற்றிப் பார்க்காமல் இல்லை. சிலிண்டரைத் திறந்து, அவர் செய்வதைக் கண்ட மாதிரியே குமிழை அமத்திப் பிடித்துச் சொடுக்கினால் சின்ன நெருப்பு நீலமாக வரும். அமத்தியிருக்கும் வரை எரியும். விரலை எடுத்தால் போய்விடும். விரல் வீங்குமட்டும் அமத்திப் பார்த்தேன், அதே கதைதான்.

அவருடைய தம்பி இரண்டு நாளுக்கு ஒருக்கால் மீனோ மரக்கறியோ வாங்கிக்கொண்டு வருவார். இத்தாவில் அவரும் என்னைக் காணக்கூடாதவர். முன் மண்டபத்துத் திரைக்கு அப்பால் நின்றுதான் கதைப்பார். நல்ல மனிதர். ஹீட்டரைப் பற்றிச் சொன்னபோது, “மச்சி, அந்தச் சாமான பழைய இரும்புக்குப் போடுங்க. கரண்டுல ஓடுற ஒண்ட நான் வாங்கித் தாறன்” என்றார்.

“அதுல பும்மெண்டு சத்தம் வருமா?” என்று கேட்டேன்.

அவருக்கு விளங்கவில்லை. அவர் மேலும் பிழை இல்லை. எங்கள் வீட்டுக் காலைநேரத்தை அவர் கண்டதில்லை.

கடைசியில் ஆள் பிடித்தது தங்கச்சிதான். அவள் பாண் வாங்கும் பேக்கரியில் கேஸில் எரியும் அவண் அடுப்பைத் திருத்த கல்முனையிலிருந்து ஒருவர் வருவார். மெதடிஸ்ற் வேதக்காரர், நடு வயது. அவரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அந்நிய ஆண் வந்து ஒரு சாமானைத் திருத்திவிட்டுப் போவதை மார்க்கம் தடுக்கவில்லை, நான் அவர் கண்ணில் படாமல் இருந்தால் போதும். அரை மணியில் முடிந்துவிடும் என்று நினைத்தேன். அடுத்த நிமிடம் மகள் அலறினாள். அப்படி ஓர் அலறலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. கதவிடுக்கால் பார்த்தால், குளியலறை வாசலில் குறுக்காக விழுந்து கிடக்கிறாள். தன் கையைத் தானே கடித்துக்கொண்டிருக்கிறாள். கடைசியாக இந்த வீட்டுக்குள் வந்த ஆண்கள் அவளுடைய வாப்பாவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். இப்போது வந்தவன் ஹீட்டரையும் தூக்க வந்திருக்கிறான் என்று நினைத்தாளோ என்னவோ.

அந்த மனிதர் சாமான் பையைக்கூட எடுக்காமல் வெளியே போய்விட்டார். பின்னால், குளியலறைச் சுவரின் உச்சியில் காற்றுக்காகக் கம்பி போட்ட ஒரு திறப்பு இருக்கிறது. அதன் கீழே வெளியில் நின்று கதைத்தார். நான் அறையை விட்டுக் குளியலறைக்குள் வந்தேன்.

“அக்கா, புள்ள பயப்படுது. நான் உள்ள வரல்ல. ஹீட்டர் என்ன செய்யுதெண்டு மட்டும் சொல்லுங்க.”

சொன்னேன். குமிழை விட்டால் அணைகிறது என்றதுமே, “தெர்மோகப்பிள்” என்றார். நான் என்னவென்று கேட்க முதலே விளக்கினார். “அந்தச் சின்ன நெருப்புக்குள்ள ஒரு கம்பி நுனி நிக்கும் அக்கா. அதுல சூடு பட்டாத்தான் கேஸத் திறந்து வைக்கும். சூடு இல்லாட்டி, நெருப்பு அணைஞ்சிட்டெண்டு நினைச்சு மூடிப்போடும். வீடு முழுக்கக் கேஸ் பரவாமக் காக்கிறது அதுதான். உங்கட கம்பி செத்துப் போயிட்டு. நெருப்பு எரிஞ்சாலும் அதுக்குத் தெரியிதில்ல.”

“மாத்தலாமா?”

“மாத்தலாம். அக்கரைப்பற்றில பேக்கரி அவணுக்கு விக்கிறது இதுக்கும் சரி வரும். ஆனா நான் உள்ள வராம எப்பிடி?”

“நான் மாத்துறன். நீங்க அதுல நிண்டு சொல்லுங்க” என்றேன்.

“நான் இப்பிடி ஒருக்காலும் செஞ்சதில்ல அக்கா” என்றார். குரலில் பயம் தெரிந்தது. நானும்தான் செய்ததில்லை. கேஸ் சிலிண்டருக்குப் பத்தடி தள்ளி நின்றே பழகிய தங்கச்சி, வேண்டாம் என்று என் கையைப் பிடித்தாள். அவளை விலக்கிவிட்டேன்.

கதை எப்படியோ கணவரின் தம்பி மச்சானுக்குப் போய்விட்டது. அன்று பின்னேரமே திரைக்கு அப்பால் வந்து நின்றார். “மச்சி, இத்தாவுல இரிக்கிற பொம்புள கேஸ் சாமான் கழட்டுறதா? அதுவும் வெளிய ஒரு ஆம்புள நிண்டு கதைச்சிக்கி. ஊர் என்ன கதைக்கும்?”

“ஊரு வந்து என்ட புள்ளையக் குளிப்பாட்டுமா எண்டு ஒருக்காக் கேட்டுச் சொல்லுங்க மச்சான்” என்றேன். “ஓமெண்டா நான் கையக் கட்டிக்கி இரிக்கன்.”

அவர் கொண்டுவந்த பூசணித் துண்டைப் படியில் வைத்துவிட்டுப் போனார். போனபிறகு, அவ்வளவு கடுமையாகச் சொல்லியிருக்கத் தேவையில்லை என்று தோன்றியது. தோன்றியது, அவ்வளவுதான்.

வியாழக்கிழமை காலையில் ஹீட்டர் திருத்த வந்த கல்முனைத் தம்பி சாமானோடு வந்தார். சிலிண்டரைத் தானே மூடினார். புதிய தெர்மோகப்பிளையும் இரண்டு ஸ்பானரையும் ஒரு துணியில் சுற்றிக் கம்பித் திறப்பு வழியாக உள்ளே நீட்டினார். நான் முக்காலியில் ஏறி வாங்கினேன். மகள் வாசலில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆண் குரல் வெளியேதான் கேட்டது, ஆள் உள்ளே வரவில்லை என்பதால் அலறவில்லை. முன் மூடியைக் கழற்றிப் போனில் படம் எடுத்து அவருக்கு அனுப்பினேன்.

“படத்துல எல்லாம் கறுப்பாத்தான் தெரியிது அக்கா. நான் சொல்லச் சொல்லக் கையால தடவிப் பாருங்க. கீழ, குமிழுக்குப் பின்னால ஒரு சின்ன நட்டு. அதுல இருந்து மெல்லிய செம்புக் கம்பி ஒண்டு மேல போகுது. பிடிபட்டுதா?”

“பிடிபட்டுது.”

“அந்த நட்ட இடப்பக்கம் திருப்புங்க.”

திருப்பினேன். அசையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பினேன். “தம்பி, உங்கட இடமா, என்ட இடமா?” என்று கத்தினேன்.

“மணிக்கூட்டுக் கம்பி ஓடுறதுக்கு எதிர்ப்பக்கம், அக்கா. கீழ இருந்து பாத்தா.”

கீழே குனிந்து, கழுத்தை முறித்துப் பார்த்துத் திருப்பினேன். இளகியது. கழன்று கைக்கு வந்தபோது விரல்கள் வழுக்கின. மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனேன். தேங்காயெண்ணெய்.

“நுனி எப்பிடி இருக்கு?” என்று வெளியிலிருந்து கேட்டார்.

“தார் பூசின மாதிரிக் கறுப்பு.”

“மற்றப் பக்கம்? நட்டு இருந்த இடம்?”

“எண்ணெயும் ஊத்தையும். பிசின் மாதிரி.”

“எண்ணெயா?” என்றார். “இதுக்கு ஆரக்கா எண்ணெய் போட்டது?”

யார் போடுவார்? எங்கள் கடற்கரையில் உப்புக் காற்று இரும்பைத் தின்றுவிடும். கேற் கொண்டி, பூட்டு, சைக்கிள் செயின், தையல் மெசின் என்று உலோகம் எதைக் கண்டாலும் தேங்காயெண்ணெய் பூசுவது இங்கே எல்லா வீட்டிலும் நடப்பது. என் கணவருக்கு அதில் வெறி. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போக முன்னால் பழைய சாரன் துண்டையும் எண்ணெய்ச் சிரட்டையையும் எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வருவார். கடைசியில் இந்த ஹீட்டருக்கு வருவார். மூடியைக் கழற்றி, பிள்ளைக்கு எண்ணெய் வைப்பது போல மூலை முடுக்கெல்லாம் தடவுவார். கட்டாரில் எத்தனை மெசின் பார்த்தவர்! அங்கே எந்த மெசினுக்காவது தேங்காயெண்ணெய் பூசியிருப்பாரா? ஊருக்கு வந்ததும் ஊர்ப் புத்தி வந்துவிட்டது. அந்த எண்ணெய் நெருப்பில் கருகி நுனியில் தோலாகப் படிந்திருக்கிறது. மற்றப் பக்கம் ஊத்தையோடு சேர்ந்து அடைத்திருக்கிறது.

“எரிஞ்சிக்கி இருந்தமட்டும் எப்பிடியோ தாக்குப் பிடிச்சிருக்கு அக்கா” என்றார் அவர். “ஒருக்கா ஆறினதும் போயிட்டு.”

அப்போது என் கணவர் உயிரோடு கதவுக்குப் பின்னால் நின்றிருந்தால் நன்றாகக் கேட்டிருப்பேன். “ஒரு மனிசன் இப்பிடியா?” என்று தொடங்கி, ஊருக்கே கேட்கக் கேட்டிருப்பேன். கேட்க ஆள் இல்லை. குளியலறைத் தரையில் உட்கார்ந்தேன். அதுவரை நான் அழாமல் இருக்கவில்லை. வந்தவர்கள் போனவர்கள் எல்லோருக்கும் முன்னால் அழுதேன். அது ஊரோடு சேர்ந்து அழுதது. அன்றைக்குத்தான், அந்த எண்ணெய்க் கையை முகத்தில் வைத்துக்கொண்டு, அவர் இல்லை என்பதற்காக அழுதேன். எவ்வளவு நேரமோ தெரியாது. வெளியே நின்ற மனிதர் என்னைக் கூப்பிடவில்லை. இருமவும் இல்லை.

“உங்கட மனிசன் நல்லா வச்சுப் பாத்திருக்கார்” என்று கடைசியில் மெல்லச் சொன்னார்.

“ஓம். நல்லாப் பாத்துப் பாத்துக் கெடுத்திருக்கார்” என்று சொல்லிவிட்டு எழும்பினேன்.

எண்ணெய் இருந்த இடத்தையெல்லாம் துணியால் துடைத்தேன். புதியதன் நுனியைச் சின்ன நெருப்பு வரும் வாய்க்கு நேராகப் பிடித்து இறுக்கினேன். மற்ற முனையைக் கையாலேயே திருப்பிவிட்டு, கடைசியில் மட்டும் ஸ்பானர் வைக்கச் சொன்னார். “கூட இறுக்காதீங்க, செம்பு நசிஞ்சிரும்.” பிறகு சிலிண்டரைத் திறந்தார். சவர்க்கார நுரையைப் பூட்டுகளில் பூசிப் பார்த்தேன். குமிழி வரவில்லை.

“இனி ஏத்துங்க. நெருப்பு வந்ததும் விரல எடுத்திராதீங்க. புதுசு சூடேற வேணும்.”

“எவ்வளவு நேரம் தம்பி?”

கொஞ்சம் தயங்கினார். “நான் பேக்கரியில பரமண்டல ஜெபம் ஒருக்காச் சொல்லி முடியுமட்டும் அமத்திப் பிடிப்பன் அக்கா. மணிக்கூடு பாக்கிறதில்ல.”

“நான் அல்ஹம்து சூறா ஓதுறன்.”

“புதுசெல்லோ. ரெண்டு தரம் ஓதுங்க.”

அமத்தினேன். சொடுக்கினேன். நீலமாக வந்தது. ஓதினேன். என் கணவர் போன நாளிலிருந்து ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் அவருக்காக ஓதிய அதே சூறா. வாய் பழகிப்போய் எங்கேயோ பார்த்துக்கொண்டு ஓதியதுதான் அதிகம். அன்று ஒவ்வொரு சொல்லாக, நெருப்பைப் பார்த்துக்கொண்டு ஓதினேன். வெளியே நின்ற மனிதரும் வாய்க்குள் எதையோ சொல்வது கேட்டது. இரண்டாம் தரம் ஆமீன் சொல்லி முடித்தும் விரலை எடுக்கப் பயமாக இருந்தது. மூன்றாம் தரமும் ஓதினேன். எடுத்தேன்.

நின்றது.

குழாயைத் திறந்தேன். ‘பும்’ என்று பெரிய நெருப்புப் பற்றியது.

வாசலில் இருந்த மகள் நிலையைப் பிடித்துக்கொண்டு எழும்பினாள். அவள் முகம் அப்படி விரிந்து நான் கண்டு எவ்வளவு காலம். நான் வெளியே வந்தேன். “தண்ணி வந்திட்டு, மகள். வாங்க” என்றேன். என்னை அவள் பார்க்கவில்லை. கதவை இழுத்து அதன் பின்னால் எட்டிப் பார்த்தாள். ஒருவரும் இல்லை. திரும்பினாள். மண்டபத்தைப் பார்த்து, முன் கதவைப் பார்த்து, தொண்டை கிழியச் சொன்னாள்:

“தண்ணி வந்திட்டு. வாப்பா. வாங்க.”

அந்த மூன்றையும் அவள் சேர்த்துச் சொன்னதே இல்லை. நின்று காது கொடுத்தாள். மறுகா சொன்னாள். “தண்ணி வந்திட்டு. வாப்பா.”

பள்ளிக்குப் போயிருக்கார் என்ற சொல் என் நாக்கு நுனிவரை வந்தது. தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நான் அவள் முகத்தை இரண்டு கையாலும் என் பக்கம் திருப்பினேன். என் கையில் இன்னும் எண்ணெய் மணம்.

“வாப்பா வரமாட்டார் மகள்” என்றேன். “வாப்பா மவுத்தாகிட்டார். இனி உம்மாதான் கூப்பிடுவன்.”

அவளுக்கு விளங்கியதா என்று எனக்குத் தெரியாது. இன்றைக்கும் தெரியாது. என் கையை மணந்து பார்த்தாள். பிறகு முன் கதவைப் பார்ப்பதை விட்டுவிட்டு, சட்டையைக் கழற்றச் சொல்லும்போது செய்வது போல இரண்டு கைகளையும் உயர்த்தினாள். இடக்கை பாதியில் நின்றது. அதை நான் பிடித்து மெல்ல உயர்த்தினேன்.

“அக்கா” என்று வெளியிலிருந்து குரல் வந்தது. “தண்ணி சூடா வருதா?”

கையை நீட்டித் தண்ணீரைத் தொட்டேன்.

“ஓம் தம்பி, வந்திட்டு” என்றேன். “நீங்க போயிட்டு வாங்க. நான் புள்ளையக் குளிப்பாட்ட வேணும்.”